நகராத அம்பு

செல்பேசி வழிகாட்டும்போது திரையில் நம் வண்டியைக் குறிக்கும் அந்தச் சின்ன அம்பு எனக்கு மிகவும் பிடித்தது. அது நகர்வதில்லை, ஊர்தான் அதைச் சுற்றித் திரும்புகிறது. ஜிபிஎஸ் கார்களுக்கு வருமுன்பே, 1985இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஈட்டாக் நேவிகேட்டர் என்ற கார் வழிகாட்டிக் கருவியில் இந்த அம்பு இருந்தது. வரைபடம் கேசட் நாடாவில்! சக்கரச் சுழற்சி, திசைகாட்டி இரண்டையும் கொண்டு இடத்தைக் கணக்கிடும். வண்டி திரும்பும்போதெல்லாம் தெருவோடு பொருத்திப் பிழையைத் திருத்திக்கொள்ளும். எவ்வளவு அழகான யோசனை! படகு நிற்க, தீவுகள் நகர்வதாக எண்ணிக் கடல் கடந்த பசிபிக் தீவு மாலுமிகளின் முறைதான் அந்தக் கருவிக்குப் பெயர் தந்தது.

பிறகு கார்களுக்கும் ஜிபிஎஸ் வந்தது. 2000 மே மாதம், அதன் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. நூறு மீட்டர்வரை தடுமாறிய கணிப்பு இருபது மீட்டருக்குள் வந்தது. நாம் நிற்கும் தெரு எதுவென்று கையடக்கக் கருவியும் சொல்லத் தொடங்கியது.