கணவாய் ஓடு

மதுரங்குளிப் பக்கத்துக் களப்பில் கயாக் ஓட்டுவது சுகம். பெரிய அலை கிடையாது. என் மனமோ மணல்திட்டுக்கு அப்பாலுள்ள திறந்த கடலில்தான். சோளகம் வீசும் மே முதல் செப்டம்பர் வரை அங்கே கயாக்கை இறக்கக் கூடாது. கரையோரம் நடக்கலாம்.

கரையில் ஒதுங்கும் சங்கும் சோகியும் அழகுதான் (உள்ளே உயிர் இருந்தால் எடுக்க மாட்டேன்). நான் ஆசையாகக் குனிந்து எடுப்பது கணவாய் ஓட்டை. கையில் கனமே தெரியாது. உடைத்துப் பாருங்கள்: தாள் தாளாக அடுக்கிய சுண்ணாம்பு அறைகள். அவற்றிலுள்ள நீரைக் கூட்டியும் குறைத்தும் கணவாய் தன் மிதப்பைச் சரிசெய்கிறது. என்ன அருமையான கட்டுமானம்! உயிர் போன பின்பும் அறைகளில் வாயு நிற்பதால் ஓடு மிதந்து கரை சேர்கிறது. கூண்டுக்கிளிக்கு அது சுண்ணாம்புச் சத்து. ஓட்டின் மென்மையான பக்கத்தில் அச்சுக் குடைந்து வெள்ளி வார்க்கும் பொற்கொல்லர்களும் உண்டு.