பெட்ரியின் தட்டு, பெண்களின் பாசி

நெய்தல் திணை பெண்ணுக்கு என்ன வேலை தந்தது? அவள் கரையில் காத்திருக்கிறாள், காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறாள், உப்பு விற்கிறாள். முத்துக்காக மூழ்குபவன் ஆண். முத்தை அணிபவள் பெண். ஆனால் வ.உ.சி. துறைமுகத்திலிருந்து வடகிழக்கே பாம்பன்வரை நீளும் மன்னார் வளைகுடாவில், இன்றும் மூச்சடக்கி மூழ்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவர்கள் பறிப்பவற்றுள் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி. அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்புக் காலத்தில் காய்ச்சும் ‘கடல்பாசி’யும் அகர்தான்.

அகர் மருத்துவத்துக்கு வந்ததும் அடுக்களை வழியாகத்தான். 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே ஜெலட்டின்மேல் கிருமிகளை வளர்த்துப் பார்த்தார். கோடை வெப்பத்தில் அது உருகியது; சில கிருமிகளே அதைக் கரைத்தன. அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. நியூயார்க்கில் வளர்ந்தபோது, ஜாவாவில் வாழ்ந்துவந்த அண்டை வீட்டாரிடம் அவர் கற்ற சமையல் அறிவு அது. மூன்று கண்டங்களைச் சேர்த்த இந்த ஒத்துழைப்பில் எந்த அரசும் கையெழுத்திடவில்லை.

1882இல் ராபர்ட் கோக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகர் இருக்கிறது, ஃபேனி இல்லை. 1887இல் வந்த தட்டுக்குப் பெட்ரியின் பெயர். எந்த மருந்துக்கு நோய் கேட்கும் என்று இன்றும் பரிசோதனைக்கூடங்கள் அகர்த் தட்டில்தான் பார்க்கின்றன.

பல்லுயிர் குறித்த 1992 உடன்படிக்கை, நம் நாட்டின் 2002 சட்டம், 2010 நகோயா நெறிமுறை ஆகியவை மரபறிவு உடையோருக்குப் பயனில் பங்கு உண்டு என்கின்றன. ஆனால் 1986 முதல் இங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கப் போகும் பெண் அத்துமீறியவள். ஒரு சட்டம் அறிவுடையவள் என்று அழைப்பவளை இன்னொரு சட்டம் குற்றவாளியாக்குகிறது. பாசியை வேரோடு சுரண்டாமல் கையால் பறிப்பது, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு விதித்துக்கொண்ட பெண்கள் இவர்கள். கடலைக் காப்பதற்கு இதைவிட நல்ல தகுதி எது?

விடுபட்ட பெயரைப் பாடநூலில் சேர்த்துவிட்டால் பெண்ணிய வாசிப்பு முடிந்துவிடாது. ஃபேனியின் பெயரை இப்போது சில பாடநூல்கள் சொல்கின்றன. தீவுகளைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில், பாசி பறிக்கும் பெண்கள் பேசியாக வேண்டும். அதுவரை பங்கு என்ற சொல் காகிதத்தில்தான் இருக்கும்.