12 வோல்ட்டை 13.8 ஆக்கும் கைவேலை

கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையைத் திறந்து, அதன் 12 வோல்ட்டை 13.8-க்கு ஏற்றுவது எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களிடம் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம். இதை வீண் வேலை என்பவர்கள் போர்ட் பிளேரின் மரைன் ஹில்லை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்த நகரத்துக்கு மெயின்லேண்டிலிருந்து மின்கம்பி கிடையாது. அந்தமான் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களில் பிறக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் நடந்து போய் வாங்கும் உதிரிப் பாகம் அங்கே கடல் தாண்டி வர வேண்டும். இருப்பதை வைத்துச் சமாளிப்பது அங்கே அவசியம்.

13.8 வோல்ட்டுக்கும் அந்தத் தீவுகளில் ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பரில் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் வானொலிக் குழு போர்ட் பிளேரிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அந்தக் குழுவின் வானொலிதான் செய்திகளைச் சுமந்தது. ஹாம் வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் கேட்பது 13.8 வோல்ட். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை நிறைந்த நிலையிலேயே வைத்திருக்கவும் ஏறக்குறைய அதே அளவுதான் வேண்டும். ஆகவே தேவை உண்மையானது. மாற்றும் முறையைத்தான் எடைபோட வேண்டும்.

டி.எல். 494 அல்லது கே.ஏ. 7500 ஐ.சி. உள்ள பழைய சப்ளைகளில் இந்த வேலை எளிது. 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டிலிருந்தும் ரெசிஸ்டர்கள் வழியாக ஒரு பங்கு ஐ.சி.யின் முதல் பின்னுக்கு வருகிறது. ஐ.சி. அதைப் பெரும்பாலும் 2.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டு வெளியீட்டைச் சரிசெய்கிறது. ஒரு ரெசிஸ்டரை மாற்றினாலோ ஒரு ப்ரீசெட்டைப் பொருத்தினாலோ போதும், வோல்டேஜ் ஏறிவிடும். செலவு சொற்பம். குப்பைக்குப் போகவிருந்த பொருள் மறுபடி உழைக்கிறது. பெரும்பாலோர் இதோடு நின்றுவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

5-க்கும் 12-க்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே. 12-ஐ 13.8 ஆக்கினால் ஏற்றம் 15 சதவீதம். 5 வோல்ட்டும் ஏறக்குறைய 5.75 ஆகிவிடும். கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதிப்படி 5 வோல்ட்டுக்கு 5.25, 12 வோல்ட்டுக்கு 12.6 என்பதே மேல் எல்லை. மிகை வோல்டேஜ் பாதுகாப்பு 5 வோல்ட்டில் 5.74 முதலும், 12 வோல்ட்டில் 13.4 முதலும் குறுக்கிடலாம். அதனால்தான் மாற்றிய சப்ளை பல நேரம் ஆன் செய்ததும் அணைந்துவிடுகிறது. உடனே பலர் பாதுகாப்புச் சர்க்யூட்டையே வெட்டிவிடுகிறார்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன். பிறகு ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு சால்டர் விட்டுப்போனால் வோல்டேஜ் தறிகெட்டு ஏறும். 16 வோல்ட் கன்டன்சர் வெடிக்கும். வானொலியோ பேட்டரியோ அதோடு போகும். பாதுகாப்பை நீக்கக் கூடாது, இடம் மாற்ற வேண்டும்: 5 வோல்ட்டிலிருந்து அதைப் பிரித்து, 13.8-ஐக் கண்காணித்து 15 வோல்ட் அருகே அணைக்கும்படி அமைக்க வேண்டும். கன்டன்சர்களை 25 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தால்தான் அந்த வேலை முழுமை.

வேறு வரம்புகளும் உண்டு. 100 வாட் ஹாம் பெட்டி பேசும்போது 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய 300 வாட் சப்ளையின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு அந்த ஆம்பியரில் பாதிதான் இருக்கலாம். ஸ்விட்சிங் இரைச்சல் சிற்றலையில் கேட்கும். பேட்டரி சார்ஜ் செய்வதென்றால் கரண்ட்டுக்கும் கட்டுப்பாடு வேண்டும், டி.எல். 494-இன் இரண்டாவது ஒப்பீட்டுப் பகுதியை அதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 320 வோல்ட் வரை தங்கியிருக்கும் என்பது மெக்கானிக்குகளுக்குத் தெரியும். கடல் காற்றின் சேட்டை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மரைன் ஹில் போன்ற இடத்தில் உப்பும் ஈரமும் போர்டில் படிகின்றன. மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் விட்டிருக்கும் இடைவெளிதான் மனிதனைக் காப்பது. அதன் மேல் ஒயர் இழுப்பதும் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விடுவதும் அங்கே கூடுதல் ஆபத்து.

என் தீர்ப்பு இது: கம்ப்யூட்டரை விட்டு நிரந்தரமாக வெளியேறிய பழைய டி.எல். 494 சப்ளைக்கு இந்த மாற்றம் தகும், கற்றுக்கொள்ளவும் நல்லது. வோல்டேஜ் கட்டுப்பாட்டையும் பாதுகாப்புக் கண்காணிப்பையும் ஒரே ஐ.சி.யில் வைத்த பிற்காலச் சப்ளைகளில் இதைச் செய்யப் போகாதீர்கள். இன்னும் மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் சப்ளையில் ஒரு ரெசிஸ்டரைக்கூடத் தொடாதீர்கள். மாற்றி முடித்த பெட்டியின் மேல் ‘13.8 வோல்ட், கம்ப்யூட்டருக்கு அல்ல’ என்று பெரிதாக எழுதுங்கள்; மதர்போர்டு கனெக்டரையும் வெட்டி எடுத்துவிடுங்கள், அடுத்து அதை எடுப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.