வனாந்தரத்தில் புனித பிரான்சிஸ் (ஓவியம்)

வனாந்தரத்தில் புனித பிரான்சிஸ், வெனிஸ் நகர ஓவியர் ஜொவான்னி பெல்லினி (இறப்பு: 1516) வரைந்த சமய ஓவியம். மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. 1475-க்கும் 1480-க்கும் இடைப்பட்டது எனக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 125 செ.மீ. உயரமும் 142 செ.மீ. அகலமும் கொண்டது. 1915 முதல் நியூயார்க்கின் ஃபிரிக் கலைத் தொகுப்பில் உள்ளது. அசிசி நகரப் புனித பிரான்சிஸ் பெற்ற இறைக்காட்சியை, அவர் கண்டதைக் காட்டாமலேயே சித்திரித்தது இதன் தனித்தன்மை.

பெயர்

கலை ஆர்வலர் மார்க்கன்தோனியோ மிக்கியேல் 1525-ல் வெனிஸில் தத்தேயோ கொந்தாரினியின் இல்லத்தில் இவ்வோவியத்தைக் கண்டு குறிப்பெழுதினார். 'பாலைவனத்தில்' என்று பெயரை மொழிபெயர்த்தால் மணல்வெளியை எதிர்பார்த்து ஏமாற நேரும். துறவிகள் தனித்திருந்து தவம் செய்யும் இடம் என்பதே அச்சொல்லின் பொருள். தமிழ் விவிலியத்தில் பயிலும் 'வனாந்தரம்' என்ற சொல் இதற்குப் பொருந்தும்.

பின்னணி

1224-ல் இத்தாலியின் லா வெர்னா மலையில் பிரான்சிஸ் நோன்பிருந்தபோது, ஆறு சிறகுகள் கொண்ட செராபீன் தூதர் சிலுவையில் அறையுண்ட கோலத்தில் தோன்றினார் என்பது மரபு. அப்போது இயேசுவின் ஐந்து காயங்களும் பிரான்சிஸின் உடலில் பதிந்தன. தமிழ்க் கத்தோலிக்கர் இதனை 'ஐந்து காய வரம்' என்பர்.

இந்நிகழ்வை வரையப் பெல்லினிக்கு முன்பே ஒரு முறை நிலைபெற்றிருந்தது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஜோத்தோவின் ஓவியத்தில் வானில் செராபீன் பறக்கிறார். அவருடைய காயங்களிலிருந்து கோடுகளாகப் புறப்படும் கதிர்கள் பிரான்சிஸின் கை, கால், விலாவைத் தொடுகின்றன. நடந்தது என்ன என்பதில் பார்ப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை.

அமைப்பு

பெல்லினியின் ஓவியத்தில் செராபீன் இல்லை, கதிர்க்கோடுகளும் இல்லை. பாறைக்குகையின் முன் பிரான்சிஸ் வெறுங்காலுடன் நிற்கிறார். கைகள் இருபுறமும் விரிந்துள்ளன; வாய் சற்றே திறந்துள்ளது; பார்வை மேலே செல்கிறது. உள்ளங்கைகளில் சிறு காயத்தழும்புகள் தெரிகின்றன. அவருக்குப் பின்னால் திராட்சைக்கொடிப் பந்தல், எழுதுமேசை, மண்டையோடு, புத்தகம், கழற்றி விடப்பட்ட காலணிகள் உள்ளன. கற்சுவரின் இடுக்கிலிருந்து ஒரு முயல் எட்டிப் பார்க்கிறது.

இடப்பக்கம் மேய்ச்சல் நிலம் விரிகிறது. கழுதை ஒன்று அசையாமல் நிற்கிறது. அருகே ஒரு கொக்கு. சற்றுத் தொலைவில் மந்தையுடன் ஓர் ஆயர். அதற்கும் அப்பால் மதில் சூழ்ந்த நகரம். இடப்பக்க மேல்மூலையில் ஒரு மரம் ஒளி பட்டு மின்னுகிறது. பிரான்சிஸின் நிழல் அவருக்குப் பின்னால் விழுகிறது. ஆகவே ஒளி ஓவியத்தின் இடப்பக்கத்திலிருந்து வருவது தெளிவு.

விமர்சனம்

ஓவியத்தின் மேல்விளிம்பு பிற்காலத்தில் சிறிது வெட்டப்பட்டுள்ளது. செராபீன் அப்பகுதியில் இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. ஆனால் ஜோத்தோ காட்டிய வகைக் கதிர்கள் இருந்திருந்தால் அவற்றின் தொடர்ச்சி எஞ்சிய பகுதியிலும் தெரிய வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லை.

1964-ல் வெளியான நூலில் மில்லார்ட் மைஸ், காயங்களைப் பதிப்பது இங்கு ஒளியே என்று வாதிட்டார். பிரான்சிஸ் இயற்றிய படைப்புகளின் புகழ்ப்பாடலை அவர் பாடும் தருணம் இது என்பது மற்றொரு கருத்து. 1982-ல் ஜான் ஃபிளெமிங், நிலக்காட்சியின் கூறுகளைப் பிரான்சிஸ்கன் மறைநூல் விளக்கங்களோடு இணைத்துப் பொருள் கூறினார். காலணி கழற்றப்பட்டிருப்பது, எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றியதை நினைவூட்டும் என்பது இவ்வகை வாசிப்புக்கு எடுத்துக்காட்டு.

இவ்விளக்கங்கள் பயனுள்ளவை. ஆயினும் கழுதைக்கு ஒரு பொருள், கொக்குக்கு ஒரு பொருள் என்று பட்டியலிட்டுப் படிக்கும்போது, மேய்ச்சல் நிலம் விடைகளைத் தேடும் வினாத்தாளாகிவிடுகிறது. பெல்லினி அந்தக் கழுதையின் காதையும் கல்லின் வெடிப்பையும் காட்டிய பொறுமைக்கு அவ்வாசிப்பில் இடமில்லை.

ஆயரின் இருப்பு மற்றொரு வழியைத் திறக்கிறது. லா வெர்னா மலை இரவில் ஒளிர்ந்ததை ஆயர்கள் கண்டதாகப் பிரான்சிஸ் பற்றிய பழங்கதைகள் கூறும். பெல்லினி அந்த இரவைப் பகலாக்கிவிட்டார். பகலில் ஒளி யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயர் தம் வேலையில் இருக்கிறார், கழுதை நிற்கிறது. துறவியின் மேல் விழும் அதே ஒளிதான் மற்றவற்றின் மீதும் விழுகிறது; திரும்பி அதை எதிர்கொள்பவர் ஒருவர் மட்டுமே.

இதில் ஓர் இழப்பும் உண்டு. கதையை அறியாதவர் இதை அழகிய நிலக்காட்சியாக மட்டும் பார்த்து நகர்ந்துவிடக்கூடும். ஜோத்தோவின் ஓவியத்தில் அது நேராது. செராபீனை வரைந்திருந்தால் பார்ப்பவரின் கண் நேராக அதனிடம் சென்றிருக்கும். கழுதையும் முயலும் வெறும் அலங்காரமாகியிருக்கும். அதை விலக்கியதால், பிரான்சிஸ் கண்டது என்ன என்ற கேள்வியோடு பார்ப்பவர் அந்த நிலம் முழுவதையும் தேட வேண்டியிருக்கிறது. எல்லா உயிர்களையும் உடன்பிறப்பு என அழைத்த ஒருவரின் இறைக்காட்சிக்கு இம்முறையே மிகவும் பொருந்துகிறது.