யார் கையெழுத்து வேண்டும்?

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செவிலியர் முதலில் கேட்பது, "பேஷண்ட்கூட வந்தவங்க யாருங்க?" என்றுதான். கணவரோ மகனோ தம்பியோ எழுந்து போவார். காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போடுவார். நோயாளி முழு நினைவோடு உள்ளே படுத்திருப்பார். அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்ற விளக்கம் பெரும்பாலும் வெளியே நிற்பவருக்குத்தான் கிடைக்கிறது.

சட்டம் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. இந்தியாவில் மருத்துவ ஒப்புதல் பற்றிய அடிப்படைத் தீர்ப்பு சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்தது. மாதவிடாய்ப் போக்கு நிற்காமல் 1995-இல் டெல்லியில் மருத்துவரிடம் போனவர் அவர். வயது 44, திருமணமாகாதவர். வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே இருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் ஏற்றது. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய்கூட ஒப்புதல் தர முடியாது என்றது. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது தவறே. மருத்துவருக்கு அறுவைக் கட்டணத்தை மறுத்த நீதிமன்றம், இழப்பீடாக 25,000 ரூபாய் தரச் சொன்னது. தொகை அற்பம்தான், கோட்பாடு பெரிது.

யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதில் இவ்வளவு உறுதி காட்டிய அதே தீர்ப்பு, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் தளர்ந்துபோகிறது. நோயாளியின் தேவையை வைத்துத் தகவலை அளக்கும் அமெரிக்க அளவுகோல் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தாது என்று சொல்லி, பொறுப்புள்ள மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவே போதும் என்ற பிரிட்டன் வழியை நீதிமன்றம் தேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனே பிறகு மாண்ட்கோமரி என்ற வழக்கில் அந்த வழியைக் கைவிட்டது. நீரிழிவு உள்ள தாயின் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 விழுக்காடு. அந்த வழக்கில் மருத்துவர் இதைத் தாயிடம் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் வாதம். குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தது. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எதை முக்கியமாக நினைப்பாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பரிசோதனை, சிகிச்சை இரண்டும் முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டால் இரண்டுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்கலாம் என்று 2008 தீர்ப்பு அனுமதிக்கிறது. நியாயமான அனுமதிதான். ஆனால் 'எதிர்பார்க்கப்பட்டால்' என்ற நிபந்தனையை உதறிவிட்டு, 'தேவைப்படும் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்' என்று அச்சடித்த படிவத்தை நீட்டுவது எளிது. அது ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் எளிது.

பழியை மருத்துவமனை மீது மட்டும் போடவும் முடியாது. மருத்துவர்களின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.16-ஐப் பாருங்கள். அறுவைக்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டியவர்களாகக் கணவன் அல்லது மனைவி, சிறாராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் என்று அடுக்கிவிட்டு, நோயாளியைக் கடைசியில் வைக்கிறது அது. பிள்ளைப்பேறு இல்லாமல் போகக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் கருத்தடை அறுவைக்கு வாழ்க்கைத் துணையின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன அரசின் தரநெறிகள். 1971-இன் கருக்கலைப்புச் சட்டமும் 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதலை மட்டுமே கேட்கிறது. ஆகவே கணவர் கையெழுத்தில்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பும் மருத்துவருக்குச் சட்டம் துணை நிற்காது. அவருடைய தொழில் விதியோ பாதி துணை நிற்கிறது. 2002 விதிகளுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டு, பழையவையே திரும்பின.

குடும்பத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணம் கட்டுவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர்கள்தாம். ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி கேட்கப்போவதும் அவர்களே. தாக்குதலுக்கு அஞ்சும் மருத்துவர் அவர்களைச் சாட்சியாக்க நினைப்பது புரிந்துகொள்ளக்கூடியது. சாட்சி என்ற அளவில் அது நல்ல வழக்கமும்கூட. "கேன்சர்னு அவருக்குத் தெரிய வேணாம் டாக்டர்" என்று கெஞ்சும் மகனும் அன்பால்தான் கெஞ்சுகிறார். ஆனால் எதற்கு என்றே தெரியாமல் கீமோதெரபிக்குக் கையை நீட்டும் தகப்பனாரின் சம்மதத்தை ஒப்புதல் என்று சொல்வது பொய்.

பிறர் கையெழுத்தை இயல்பாக ஏற்றுக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டம் சாட்சி. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பழங்குடி விடுதிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். பின்னர் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

மறுமுனையில் நிற்கிறது மதுரை. ஆண், பெண் என்று எளிதில் பிரிக்க முடியாத உடலோடு பிறக்கும் இடைபால் குழந்தைகளுக்குப் பாலினத்தை 'சரிசெய்யும்' அறுவை செய்வது பற்றி, பெற்றோரின் ஒப்புதலைக் குழந்தையின் ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. உயிராபத்து தவிர்த்த மற்ற நேரங்களில் அத்தகைய அறுவைகளுக்கு அவ்வாண்டே தமிழ்நாடு அரசு தடை விதித்தது. பேசத் தெரியாத குழந்தைக்கே அந்த மதிப்பு உண்டென்றால், பேசத் தெரிந்த 60 வயது அம்மாவுக்கு ஏன் இல்லை?

7.16 திருத்தப்பட வேண்டும். நோயாளியின் பெயர் அதில் முதலில் வர வேண்டும். அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே, தமிழில் கேளுங்கள்.