கோட்டை விட்ட கடல்

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் பக்கத்து வட்டக்கோட்டையையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகி வலுப்படுத்திய கோட்டை. மதில்மேல் நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் கடல். அன்றைக்குக் கண்காணிக்க வேண்டியிருந்தது எதிரியின் கப்பலை. இன்றைக்கு நம்ம படகுகளை. அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

சட்டத்துக்கா பஞ்சம்? 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தாண்டித்தான் வலை விட வேண்டும் என்றது. கரையோரக் கடல் வள்ளக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும். இரட்டைமடிக்குத் தடை. 2001 முதல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் அது 61 நாள்.

இதில் ஒழுங்காக நடப்பது தடைக்காலம் ஒன்றுதான். காரணம், அது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற படகுகளைக் கரையில் நின்றே எண்ணிவிடலாம். மற்ற விதிகளை மீறுவதெல்லாம் கடலுக்குள். எத்தனாவது மைலில் மடி இறக்கினார்கள் என்று ஏலக்கூடத்து மீனிடமா கேட்க முடியும்? வள்ளக்காரர் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனால், நள்ளிரவில் சாட்சிக்கு யார் வருவார்?

கடலெங்கும் ரோந்து போக ஆளில்லை, படகில்லை என்பார்கள். சரி, கரையிலேயே செய்யக்கூடியதைச் செய்யலாமே! பக்கத்துக் கேரளம் 2015-ல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தது. சாளை 10 சென்டிமீட்டர், அயலை 14. அதற்குக் குறைந்ததைப் பிடித்து வந்தால் குற்றம். ரோந்துக் கப்பல் வேண்டாம். பள்ளிக்கூடப் பையன் ஸ்கேல் போதும். நம் ஏலக்கூடங்களிலும் அந்த ஸ்கேல் தினமும் இறங்கட்டும். ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சுகள் கூடை கூடையாகக் கோழித்தீவனத்துக்குப் போவதைத் தடுக்காமல், 61 நாள் படகைக் கட்டிப்போட்டு என்ன பிரயோஜனம்? அறுபத்தொரு நாள் விரதம், அறுபத்திரண்டாம் நாள் விதைநெல்லில் விருந்து!

சந்தையில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நெத்திலி பிறப்பிலேயே சின்னது, அதை விட்டுவிடுங்க. விரல் நீள அயலையை 'சீப்பா கிடைக்குது' என்று யாராவது நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்க ஆளிருக்கிற வரைக்கும் அந்த மடி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.