வாலைப் பார்க்கும் வேலை

சுங்காய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் இருந்த காலத்தில் நாய்க்கு யாரும் நேர அட்டவணை போட்டுத் தரவில்லை. விடியுமுன் பால்வெட்டப் போகிறவர் பின்னாலேயே கிளம்பும். நிரையில் மோப்பம் பிடித்துத் திரியும். வெயில் ஏறினால் லயத்து நிழலில் தூக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. இன்றோ ஈப்போவின் தாமான் குடியிருப்பு வீடுகளில், ஆள்கள் வேலைக்குப் போனபின் கேட்டுக்குள் நின்று பகலெல்லாம் குரைக்கிறது நாய்.

இப்படித் தனியே நிற்கும் நாய்க்குப் பகல் காப்பகமா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. பிள்ளைகளை விட்டுச்சென்ற தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். நல்ல காப்பகம் புது நாயை நேரே கூட்டத்தில் விடாது. தடுப்பூசி அட்டையைப் பார்க்கும். சாதுவான ஒரு நாயோடு பழகவிடும். பிறகே உருவமும் விளையாட்டுப் போக்கும் ஒத்த குழுவில் சேர்க்கும்.

எனக்குப் பிடித்தது, பார்த்துக்கொள்பவரின் கண். முன்னங்காலை நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. உடம்பு விறைத்து, வால் அசையாமல் நின்று, கண்ணின் வெள்ளை தெரிந்தால் உடனே நடுவில் புகுந்து பிரித்துவிடுவார். துரத்திய நாய் துரத்தப்படவும் வேண்டும். ஒன்றே எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அது விளையாட்டல்ல, தொல்லை.

பலர் மறப்பது ஓய்வை. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும். ஆட்டம், தூக்கம், மறுபடி ஆட்டம் என்று பிரித்துவைக்காவிட்டால் களைத்துச் சிடுசிடுக்கும், கடிக்கவும் செய்யும். கிழட்டு நாய்க்கும் கூச்ச நாய்க்கும் இந்தக் கூட்டமே வேண்டாம். காலையில் ஒரு நிதானமான நடை போதும்.